ஆயுளில் ஒரே ஒரு கடி: உண்ணிக் காய்ச்சலை எப்படிப் புரிந்துகொள்வது?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் தமிழ்நாட்டுச் செய்திகளில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது: உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது. 2025 ஜனவரித் தொடக்கத்தில் பொது சுகாதாரத் துறை மருத்துவமனைகளை உஷார்ப்படுத்தியபோது சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று மாவட்டப் பெயர்கள் அடிபட்டன. உண்ணி என்று கேட்டதும் நம் கை முதலில் போவது நாயின் காதுக்கு. இல்லையென்றால் மாட்டின் மடிக்கு.

அங்கே தேடிப் பயனில்லை. இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருவது நாயிடமும் மாட்டிடமும் நாம் பார்த்துப் பழகிய உண்ணி அல்ல, கண்ணுக்குத் தட்டுப்படாத வேறொரு உயிர். அது தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கடிக்கும். இந்த நோயில் புதிராகத் தெரியும் பல விஷயங்களுக்கு அந்த ஒற்றைக் கடியில் பதில் இருக்கிறது.

## முதலில் பெயர்க் குழப்பம்

நோயின் மருத்துவப் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். ஸ்க்ரப் என்றால் புதர்க்காடு. காடும் இல்லாமல் கழனியும் இல்லாமல் இடையில் கிடக்கிற நிலம். நம் ஊரில் சீமைக்கருவேலம் மண்டிய புறம்போக்கு, புல் முளைத்த வரப்பு, கட்டாமல் போட்டிருக்கும் வீட்டுமனை எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

டைஃபஸ் வேறு, டைபாய்டு வேறு. டைஃபஸ் என்பதன் கிரேக்க மூலத்துக்குப் புகை, மூட்டம் என்று பொருள். காய்ச்சல் முற்றிப் பிதற்றும் நோயாளியின் மனநிலையைக் குறித்த சொல் அது. டைபாய்டு என்றால் டைஃபஸ் மாதிரியானது என்று அர்த்தம். பெயரில்தான் இந்த ஒட்டு. டைபாய்டு கெட்டுப்போன தண்ணீரிலும் உணவிலும் வருவது, அதன் கிருமி சால்மோனெல்லா. ஸ்க்ரப் டைஃபஸின் கிருமி ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா, வருவது கடியால். சுட்சுகாமுஷி ஜப்பானியச் சொல், நோய் தரும் பூச்சி என்று சொல்லலாம். இரண்டு காய்ச்சலுக்கும் மருந்து வேறு என்பதால் இந்தக் குழப்பத்தை இலேசாக விட முடியாது.

அப்புறம் உண்ணி. இது தமிழில் வந்து சேர்ந்த குழப்பம். நிஜமான உண்ணி கடித்து வரும் நோய்களும் இந்தியாவில் உண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957-இல் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய் அப்படிப்பட்டது. குரங்குகள் செத்து விழுந்த காட்டில் மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டதால் அதைக் குரங்குக் காய்ச்சல் என்றே அழைக்கிறார்கள். அது வைரஸ், பரப்புவது காட்டு உண்ணி. ஸ்க்ரப் டைஃபஸை அதோடு போட்டுக் குழப்பக் கூடாது. ஒட்டுமொத்தமாக உண்ணிக் காய்ச்சல் என்று எழுதிவிடுவது பத்திரிகைக்கு வசதி. படிப்பவரின் கவனம்தான் தப்பான இடத்துக்குப் போய்விடுகிறது.

## கடிப்பது யார்?

கத்தரிச் செடியில் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனை விவசாயிகளுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் மைட் என்று அழைக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. மைட், உண்ணி, சிலந்தி, தேள் எல்லாம் ஒரே பெருங்குடும்பம். வளர்ந்தவற்றுக்கு எட்டுக் கால்கள் என்பதால் ஆறு கால் பூச்சிகளோடு இவை சேராது.

ஸ்க்ரப் டைஃபஸைக் கடத்துவதும் ஒரு மைட்தான். இந்தியாவில் முக்கியமானது லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ். முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டதுபோல் ஊர்ந்து போகுமே, தம்பலப்பூச்சி, சங்கப் பாடல்கள் மூதாய் என்று சொல்வது, அதற்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் அளவில் அதன் கால்தூசிக்குக்கூட வராது.

வாழ்க்கை நான்கு கட்டமாகப் போகிறது.

1. தாய் மைட் மண்ணுக்குள் முட்டை இடுகிறது.
2. முட்டையிலிருந்து ஆறு கால்களுடன் லார்வா வெளிவருகிறது. இதன் பெயர் சிகர். நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர், நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு.
3. சிகர் ஒரு விலங்கைக் கடித்து வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, மண்ணுக்குள் போய், எட்டுக் கால் இளம்பருவமாகிறது.
4. அங்கிருந்து முழு வளர்ச்சி. கடைசி இரண்டு பருவங்களிலும் மண்ணுக்குள் மற்றப் பூச்சிகளின் முட்டைகளையும் சின்னஞ்சிறு பூச்சிகளையும் தின்று பிழைக்கிறது. மனிதன் பக்கமே வராது.

உண்ணி இப்படியல்ல. அதன் லார்வா, இளம்பருவம், வளர்ந்த பருவம் மூன்றுமே இரத்தம் குடிக்கும். மைட்டோ லார்வாவாக இருக்கும்போது ஒரு வேளைச் சாப்பாடு, அதோடு சரி. அந்தச் சாப்பாடும் இரத்தம் அல்ல. புல் நுனியிலோ சருகின் மேலோ கூட்டமாகக் காத்திருக்கும் சிகர், அருகில் வரும் உயிரின் மூச்சுக்காற்றை உணர்ந்து தொற்றி ஏறுகிறது. உடலில் ஊர்ந்து, துணி இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய தோலைத் தேடி நிற்கிறது. தோலைச் சின்னதாகத் துளைத்து உமிழ்நீரை விடுகிறது. உமிழ்நீர் பட்ட திசு கரைகிறது, அதைச் சுற்றியுள்ள தோல் இறுகி நுண்ணிய குழாய்போல் ஆகிறது. நம் தோலாலேயே ஓர் உறிஞ்சுகுழல் செய்து, கரைந்த திசுச் சாற்றை இரண்டு மூன்று நாள் குடிக்கிறது. வலி தெரியாது. அந்த நேரத்தில்தான் கிருமி உள்ளே இறங்குகிறது.

## ஒரு முறை மட்டும் கடித்தால் நோய் எப்படிப் பரவும்?

கொசுக் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடிக்கும். டெங்குக் கொசு நோயாளியைக் கடித்துக் கிருமியை எடுத்துக்கொள்கிறது, அடுத்தவரைக் கடிக்கும்போது கொடுக்கிறது. வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி என்று குறைந்தது இரண்டு வேண்டும். சிகருக்கு இருப்பது ஒன்றுதானே? யாரிடம் வாங்கியது?

தாயிடம். தொற்றுள்ள பெண் மைட்டின் முட்டைக்குள்ளேயே பாக்டீரியா போய்விடுகிறது. முட்டை பொரிந்து வெளியே வரும் சிகர் கிருமியோடு பிறக்கிறது. தலைமுறை தலைமுறையாக இது தொடர்கிறது. கிருமியைச் சுமந்து வந்து கொடுப்பதும் மைட், கிருமி குடியிருக்கும் வீடும் மைட். மருத்துவப் பூச்சியியலில் இதற்கு முட்டைவழிக் கடத்தல் என்று பெயர்.

இதிலிருந்து வரிசையாகச் சில முடிவுகள் விழுகின்றன.

1. நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. தனிமைப்படுத்த வேண்டியதில்லை, தட்டு டம்ளரைப் பிரிக்க வேண்டியதும் இல்லை.
2. நோயாளிகள் எல்லோரையும் குணப்படுத்தினாலும் அடுத்த ஆண்டு நோய் குறையாது. மனிதன் இந்தச் சங்கிலியின் கண்ணியே அல்ல. தவறிப்போய்க் கடி வாங்கியவன், அவ்வளவுதான்.
3. கிருமி இருப்பது மண்ணில் வாழும் மைட்டின் வம்சத்தில். அந்த வம்சம் எங்கே தழைக்கிறதோ அங்கேதான் நோய். அதனால் ஒரே வயலில் ஒரு மூலை ஆபத்தாகவும் பத்தடி தள்ளி ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆய்வாளர்கள் இதை மைட் தீவு என்கிறார்கள்.

## எலியின் பங்கு என்ன?

எலியும் பெருச்சாளியும் மூஞ்சூறும் சிகருக்குச் சோறு போடுபவை. சிகர் கூட்டம் வயிறு நிறைந்து அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமானால் இவை நடமாட வேண்டும். மைட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போவதும் இவைதான்.

ஒரு ஊரில் ஆபத்து எவ்வளவு என்று அறிய ஆராய்ச்சியாளர்கள் பிடிப்பதும் எலியைத்தான். 1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் இது வழக்கமான வேலை. சாயங்காலம் வீட்டோரம், வரப்பு, புதர் என்று பொறிகளை வைத்து, விடிந்ததும் எடுத்து வருவார்கள். மயக்க மருந்து கொடுத்த எலியின் காதை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், காதுமடலின் உட்புறம் கேசரிப் பொடியைத் தடவினாற்போல் ஆரஞ்சுத் திட்டு தெரியும். அந்தத் திட்டு முழுக்கச் சிகர்கள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தலையைத் தோலில் புதைத்தபடி. அவற்றைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் பதித்து, முதுகில் உள்ள தகட்டின் வடிவத்தையும் அதில் முளைத்த மயிர்களின் அமைப்பையும் வைத்து இனம் பிரிப்பார்கள். மொத்தச் சிகர்களைப் பிடிபட்ட எலிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சிகர் குறியீடு. அது 0.69-ஐத் தாண்டினால் நோய் பரவ வாய்ப்புள்ள இடம் என்று கணக்கு.

இந்தத் தேடலில் மூஞ்சூறு அடிக்கடி மாட்டுகிறது. அது எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் தனிக் குடும்பம். பிள்ளையார் வாகனம் என்று வீட்டில் யாரும் அடிக்கவும் மாட்டார்கள். அதன் உடம்பில் சிகர்கள் இருந்தால் வயலில் இருக்க வேண்டிய ஆபத்து கொல்லைப்புறம்வரை வருகிறது.

அப்படியானால் எலிகளை ஒழித்துவிடலாமே? அவசரப்பட்டால் வினையாகும். எலியை மட்டும் கொன்று மண்ணை அப்படியே விட்டால், பொரிந்து காத்திருக்கும் சிகர்களுக்குச் சாப்பாடு போய்விடும். அடுத்து அந்த வழியே வரும் மனிதக் கால் அவற்றுக்குச் சாப்பாடு. முதலில் புதரை வெட்டி நிலத்தில் வெயில் படவிட்டு மைட்டைக் குறைக்க வேண்டும், எலி அப்புறம்.

## உடம்பில் நடப்பது, தேட வேண்டிய தழும்பு

கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. தலைவலி, உடம்பு முறுக்கு, வாந்தி, சிலருக்கு இருமல். டெங்கு, டைபாய்டு, எலிக் காய்ச்சல், மலேரியா எல்லாமே இதே முகத்தோடுதான் வரும். பாக்டீரியா இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. அந்தச் சுவர் கசிய ஆரம்பித்தால் நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீரகம் தளரும், மூளையுறை வீங்கும். மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்தியாவில் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறுதியான நோயாளிகளில் 100-க்கு 6 பேர் இறந்திருந்தார்கள்.

இவ்வளவு காய்ச்சல்களுக்கு நடுவில் இதைத் தனியே காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. எஸ்கார் என்பார்கள். கடித்த இடத்தில் முதலில் சின்னக் கொப்புளம், பிறகு நடுவில் கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரிவதில்லை.

அது இருக்கும் இடமும் சிக்கலானது. ஆண்களுக்குப் பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு. பெண்களுக்கு மார்பும் வயிறும், அதாவது ரவிக்கையும் பாவாடை நாடாவும் இறுக்குகிற இடங்கள். காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும்கூட ஒளிந்திருக்கும். வெளிநோயாளிப் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்க, சட்டையைத் தூக்கிப் பார்க்க இடமும் இல்லை, திரையும் இல்லை. தென்னிந்திய மருத்துவமனைகளில் ஏறக்குறைய பாதி நோயாளிகளிடம் எஸ்கார் இருக்கிறது. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் மர்மக் காய்ச்சல். மர்மக் காய்ச்சல் என்று வரும் செய்திகளில் பாதி மர்மம் சட்டைக்கு உள்ளே இருக்கிறது என்பது என் எண்ணம்.

## பரிசோதனை ஏன் கைவிடுகிறது?

செல்லுக்குள் மட்டுமே வாழும் கிருமி என்பதால் வழக்கமான இரத்தக் கல்ச்சரில் இது வளராது. கல்ச்சர் நெகட்டிவ் என்ற சீட்டு இந்த நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. மிச்சம் இருக்கும் வழிகள் மூன்று.

1. வீல்–ஃபெலிக்ஸ் சோதனை. 1916-இல் வந்தது. இந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், புரோட்டியஸ் என்ற சம்பந்தமில்லாத பாக்டீரியாவோடும் ஒட்டிக்கொள்ளும் என்ற தற்செயலை வைத்து நடக்கிறது. மலிவு. ஆனால் நோய் உள்ள பலரைத் தவறவிடும்.
2. ஐஜிஎம் எலைசா. ஐஜிஎம் என்ற வகை எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று தேடுகிறது. இப்போது பெரும்பாலும் நம்பப்படுவது இதுதான். ஆனால் எதிர்ப்பொருள் போதுமான அளவு சேர ஒரு வாரம்போல் ஆகும். மூன்றாம் நாள் எடுத்து நெகட்டிவ் என்றால் அதை முடிவாகக் கொள்ளக் கூடாது. இன்னொரு பக்கம், பழைய தொற்றின் ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்கிப் பாசிட்டிவ் காட்டவும் செய்யும்.
3. பிசிஆர். கிருமியின் மரபணுவையே தேடுகிறது. முதல் வாரத்தில் பயன்படும். எஸ்காரின் பொருக்கையே பெயர்த்து எடுத்துச் சோதித்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். வசதி எல்லா ஊரிலும் இல்லை.

இதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் சீட்டு வரும்வரை காத்திருப்பதில்லை. சீசன், ஊர், காய்ச்சலின் நாள்கணக்கு, எஸ்கார் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

## மருந்து

இரண்டாம் உலகப் போரில் பர்மா, அஸ்ஸாம் முனைகளில் படைவீரர்கள் இந்தக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அன்று இதற்கு மருந்து கிடையாது. 1948-இல் ஜோசப் ஸ்மாடல் தலைமையிலான குழு கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகாலைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் நிலைமை திரும்பியது. இப்போது முதல் மருந்து டாக்ஸிசைக்ளின். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். சரியான மருந்து போனால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்குகிறது.

சிக்கல் எங்கே என்றால், காய்ச்சல் என்றதும் கை நீட்டிப் போடும் பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை ஊசிகள் இந்தக் கிருமியைத் தொடுவதே இல்லை. டைபாய்டு என்று நினைத்து ஐந்து நாள் செஃப்ட்ரையாக்சோன் ஏற்றினால், ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஐந்து நாள் வெறும் தண்ணீர் ஏற்றிய மாதிரி. அந்த ஐந்து நாளில்தான் நுரையீரல் போகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். புதர்க்காட்டில் வேலை செய்தேன் என்ற தகவலை நாமாகச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை குறையும்.

முற்றிய நிலைக்கு என்ன செய்வது என்பதற்கு 2023-இல் ஒரு பதில் வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் 7 மையங்களில் நடத்திய இன்ட்ரெஸ்ட் என்ற பரிசோதனையில் கடுமையான நோயாளிகள் மூன்று பிரிவாகச் சிகிச்சை பெற்றார்கள்: டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து. எல்லாம் நரம்பு வழியாக. மரணம், தீராத சிக்கல், இறங்காத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது தனித்தனி மருந்துப் பிரிவுகளில் 47, 48 விழுக்காடு. இரண்டும் சேர்த்த பிரிவில் 33. மரண எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆதாயம் வந்தது சிக்கல்கள் சீக்கிரம் தீர்ந்ததில். இரண்டு மருந்தும் பழையவை, விலை குறைந்தவை.

## கடி படாமல் இருக்க

தடுப்பூசி இல்லை. புல்வெளியில் துணி காயப்போடுவதும் வெறும் தரையில் படுப்பதும் சிகருக்கு வாசல் திறந்துவிடுவது. நூறு நாள் வேலையில் புதர் வெட்டுகிறவர்கள், களை எடுப்பவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், வெளியில் ஒதுங்கப் போகிறவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடிய உடை உதவும். பூச்சிவிரட்டிக் களிம்பும் வேலை செய்யும். எல்லாவற்றையும்விட எளிது, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துத் துணி மாற்றுவது. சிகர் தோலில் நிலைகொண்டு கிருமியை இறக்கச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் தேய்த்து விட்டால் போயிற்று.

## எத்தனை பேருக்கு வருகிறது?

மருத்துவமனைக் கணக்கு கரையில் ஒதுங்கியதை மட்டும் எண்ணுகிறது. ஊருக்குள் போய் எண்ணிய வேலை 2025-இல் வெளியானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் பொது சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தன. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு, வந்தவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு பேர்வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்பது தெரிந்தது. அவர்களில் காய்ச்சல் என்று படுத்தவர்கள் 8 முதல் 15 விழுக்காடுதான். மற்றவர்கள் தொற்று வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் வயலுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்றும் இல்லை. கார்ப், கில்லியம், கேட்டோ என்று தொடங்கி இந்தக் கிருமியில் ஏகப்பட்ட ரகங்கள், ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பாற்றல் மற்றொன்றை முழுதாகத் தடுப்பதில்லை, தன் ரகத்துக்கு எதிராகவே நெடுநாள் நிற்பதும் இல்லை. தடுப்பூசி முயற்சிகள் திரும்பத் திரும்ப முட்டி நிற்கும் சுவர் இதுதான். ஒரே வரப்பில் குனிந்து களை எடுத்த இருவரில் ஒருத்தி எதுவும் தெரியாமல் எழுந்துபோக, மற்றவள் ஏன் செயற்கைச் சுவாசக் கருவிக்குப் போகிறாள் என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் இப்போது ஒரு பக்கம் அவளுடைய இரத்தத்தையும், இன்னொரு பக்கம் அந்த வரப்பு மூஞ்சூறின் காதையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.